ராயபுரம் போட்ட பாதையும் காசிமேடு காத்திருக்கும் பேருந்தும்

சென்னைத் துறைமுகத்தின் வடக்கு எல்லையை ஒட்டிய ராயபுரத்தில், செந்நிறச் சுவர்களும் வெண்ணிறத் தூண்களுமாக ஒரு ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் அங்கிருந்துதான் புறப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழைமையானது என்ற சிறப்பும் அதற்கு உண்டு. ரயில் ஆர்வலர்கள் அதைத் தேடிச் சென்று படம் எடுக்கிறார்கள். போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் அதன் ஆண்டை மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்த நிலையத்துக்கு வடகிழக்கே, நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நள்ளிரவு கடந்ததும் அங்கே ஏலம் களைகட்டுகிறது. நகரின் பல பகுதிகளிலிருந்தும் சில்லறை மீன் வியாபாரிகள் வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் பெண்கள். வாங்கிய மீனை விடிவதற்குள் தம் தெருவுக்குக் கொண்டுசேர்க்க அவர்களுக்கு உதவுவது பெரும்பாலும் ஷேர் ஆட்டோவும் சிறு சரக்கு வண்டியும்தான். தெற்குக்கு ரயிலைத் தந்த ஊரின் பக்கத்திலேயே, அந்த ஊரின் முதன்மைத் தொழிலுக்கு ஏற்ற நேரத்தில் பொதுப்போக்குவரத்து கிடைப்பது அரிது.

இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் படித்து நாம் பழகிவிட்டோம். ஒன்று பாரம்பரியம் பற்றியது, மற்றொன்று அன்றாடக் குறை பற்றியது என்று பிரித்துவிடுகிறோம். வடசென்னையின் போக்குவரத்து வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்த்தால், இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது புரியும். இங்கே போடப்பட்ட பாதைகளில் பெரும்பாலானவை சரக்கை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. அச்சரக்கைச் சுமந்த மக்களின் பயணம் எப்போதும் இரண்டாம் இடத்திலேயே இருந்திருக்கிறது.

ராயபுரம் ஏன் தேர்வானது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதராஸுக்கு முறையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்து இணைத்த மசூலாப் படகுகள்தாம் அலைகளைக் கடந்து சென்று ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. அந்தப் படகுத்தொழிலைச் சார்ந்த மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதிகளுள் ராயபுரம் முக்கியமானது. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைப்பர். அவர் பெயரால் அமைந்த தேவாலயத்திலிருந்தே ராயபுரம் என்ற பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், வணிகர்களின் கிடங்குகளால் நிறைந்திருந்தது. அதன் வடக்கு விளிம்பில், கடற்கரையை ஒட்டி இருந்தது ராயபுரம். உள்நாட்டிலிருந்து வரும் பருத்தியையும் தானியத்தையும் கிடங்குக்கும் படகுக்கும் அருகே கொண்டுவந்து இறக்க அதைவிட வசதியான இடம் இல்லை. லண்டனில் பதிவான மதராஸ் ரயில்வே நிறுவனம் 1853-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் பாதைப் பணியைத் தொடங்கியபோது, புறப்படும் இடமாக ராயபுரம் தேர்வானதில் வியப்பில்லை. முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு அளவுக்கு வருவாய் உறுதி அளிக்கப்பட்டிருந்த காலம் அது. ஈடுசெய்யும் பொறுப்பு இந்திய வருவாயின்மீது இருந்தது.

இதற்கும் முன்னரே மதராஸ் தண்டவாளத்தைக் கண்டிருக்கிறது. 1830-களின் பிற்பகுதியில், செங்குன்றத்திலிருந்து சாலை போடும் கற்களைக் கொண்டுவர ஆர்தர் காட்டனின் முயற்சியால் ஒரு சிறு பாதை அமைந்தது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அதைத்தான். அதுவும் நகரின் வடபுறத்தில், சரக்குக்காகவே போடப்பட்டது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதல் பயணம்: ஒரு திருத்தம்

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பாதை. ஆங்கில ஆவணங்களில் ஆர்க்காடு நிலையம் என்று குறிக்கப்படுவது அதுதான். பம்பாய் – தாணே (1853), ஹவுரா – ஹூக்ளி (1854) ஆகியவற்றுக்கு அடுத்து, இந்தியாவின் மூன்றாவது பயணிகள் ரயில் பாதை இது. தொடக்க நாளில் ஓடிய பெட்டிகளை மதராஸின் சிம்சன் நிறுவனம் கட்டித்தந்தது. நிலையக் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி.

முதல் ரயில் ஆம்பூருக்குச் சென்றது என்று பல கட்டுரைகளில் எழுதப்படுகிறது. ஆனால் ஆம்பூர் வாலாஜா ரோட்டைத் தாண்டி, வேலூருக்கும் அப்பால் இருக்கிறது. 1856-இல் பாதை அதுவரை எட்டவில்லை. ஆங்கில ஏடுகளில் காணப்படும் பெயர், வாலாஜா ரோட்டை ஒட்டிய அம்மூரைக் குறிப்பது. ஒலி ஒற்றுமையால் அம்மூர் ஆம்பூராகிவிட்டது. சிறிய பிழைதான்; ஆயினும் எடுத்தெழுதி எடுத்தெழுதி நிலைத்துவிட்ட பிழை. ரயில் ஆர்வலர்கள் பாதையின் மைல் கணக்கை நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இப்படிப்பட்டவை திருத்தம் பெறுகின்றன.

‘மிகப் பழைமையான நிலையம்’ என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. ரயிலை முதலில் கண்டவை பம்பாயும் ஹவுராவும்தான். பம்பாயின் தொடக்க நிலையமான போரி பந்தர் இருந்த இடத்தில் பின்னர் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுராவில் இன்று நாம் காணும் கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அவ்விரு நகரங்களும் வளர்ந்ததால் முதல் கட்டடங்கள் இடம்விட்டன. ராயபுரத்தில் வளர்ச்சி நின்றதால் கட்டடம் தப்பியது. அது எஞ்சியிருப்பதற்குப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்பதைப் பாரம்பரியப் பெருமிதத்தில் மறந்துவிடக் கூடாது.

முனையம் இடம்பெயர்ந்த கதை

ராயபுரம் தொடங்கிவைத்த பாதை 1862-இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரோடு முழுமையாக இணைந்தது. 1871-இல் ரெய்ச்சூர் வழியே பம்பாய்க்கும் தொடர்பு ஏற்பட்டது. போக்குவரத்து பெருகியதும், நகரின் நடுவே புதிய முனையம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1873-இல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 1908-இல் எழும்பூர் நிலையம் வந்தது. அதே ஆண்டில் மதராஸ் ரயில்வேயும் தென் மராட்டா ரயில்வேயும் இணைந்து எம்.எஸ்.எம். ரயில்வே என்ற பெரிய அமைப்பு உருவானது. 1922-இல் சென்ட்ரல் அருகே அதன் புதிய தலைமையகம் எழுந்தபின், ராயபுரத்துக்கு இருந்த நிர்வாக முக்கியத்துவமும் போயிற்று.

1899-இல் விஜயவாடாவுடன் கடற்கரைப் பாதை இணைந்தபோது வடசென்னைக்கு மறுவாழ்வு வந்திருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகத்தான் கல்கத்தா செல்லும் பாதை ஓடுகிறது. ஆனால் அப்பாதையின் முனையமும் சென்ட்ரலாகவே அமைந்தது. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் கிடைத்தவை சரக்கு முற்றங்களும் பணிமனைகளும்.

1979-இல் கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அத்தடத்தின் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்பட்டு, பேசின் பிரிட்ஜ் வழியே நேரே கொருக்குப்பேட்டைக்குச் சென்றுவிடுகின்றன. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் ரயில்கள் மட்டுமே ராயபுரத்தைத் தொட்டுச் செல்கின்றன. தென்னகத்தின் முதல் நிலையம், தன் சொந்தப் பகுதியின் புறநகர்ச் சேவையில்கூடக் கிளைப்பாதை நிலையமாகிவிட்டது.

ராயபுரத்தில் மின்சார இன்ஜின்களுக்கான பணிமனை இருக்கிறது. நாட்டின் பல மூலைகளுக்கும் விரைவு ரயில்களை இழுத்துச் செல்லும் அதன் இன்ஜின்களின் பக்கவாட்டில் ‘ராயபுரம்’ என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும். ரயில் ஆர்வலர்கள் தில்லியிலோ நாக்பூரிலோ அதைப் பார்த்து மகிழ்வதுண்டு. அந்தப் பெயர் நாடு முழுவதும் பயணம் செய்கிறது. அப்பெயருக்குரிய ஊர்க்காரர் நெடுந்தொலைவு ரயில் ஏற சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோ போக வேண்டியிருக்கிறது. சென்னையின் அடுத்த ரயில் முனையத்தை ராயபுரத்தில் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக எழுப்பப்பட்டு வருகிறது. பெரம்பூர் முதலிய இடங்களின் பெயர்கள் முன்னே வர, ராயபுரம் பின்னே தள்ளப்படுகிறது.

சரக்குக்கு வழிவிட்ட கரை

ரயிலுக்கு முன் இப்பகுதிக்கு நீர்வழி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸுக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் நீட்டிக்கப்பட்டு 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. வடக்கிலிருந்து விறகும் உப்பும் பிற சரக்கும் அவ்வழியே நகருக்கு வந்தன. இன்று அது கழிவுநீர் செல்லும் தடமாகிவிட்டது.

கடற்கரையின் கதை இன்னும் கடுமையானது. 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் 1881 புயலில் சேதமுற்று, மீண்டும் கட்டப்பட்டது. கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தென்புறத்தில் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. மீனவர் குடியிருப்புகளும் சாலையும் கடலுக்கு இரையாகாமல் தடுக்கப் பாறைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரே துறைமுகம், நகரின் ஒரு பாதிக்கு உலாவும் கடற்கரையையும் மறுபாதிக்குக் கற்குவியலையும் தந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கரையில் தொழிற்சாலைகள் நிறைந்தன. அவற்றுள் சில, போக்குவரத்தை நேசிப்பவர்களுக்குக் கோயில் போன்றவை. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்தியச் சாலைகளில் ஓடிய எத்தனையோ பேருந்துகளின் அடிச்சட்டம் எண்ணூரில் உருவானது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்ட முயற்சி, பின்னர் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. 1950-களின் நடுப்பகுதியில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் அதே திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கின. வண்டியின் சட்டமும் சக்கரத்தின் டயரும் இரு சக்கர ஊர்தியும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் தயாரான இடம் இந்தியாவில் வேறு எத்தனை இருக்கும்? தீப்பெட்டித் தொழிற்சாலையான விம்கோவின் பெயரை ஒரு புறநகர் ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இத்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மூலப்பொருள்களும் அவற்றின் உற்பத்தியும் மணலியின் எண்ணெயும் எண்ணூரின் நிலக்கரியும் துறைமுகத்தின் கொள்கலன்களும் ஒரே குறுகிய நிலப்பட்டையில் நகர்ந்தன. ஒருபுறம் கடல், மறுபுறம் ரயில் பாதையும் கால்வாயும். இடையே இருப்பது மக்கள் நெருக்கம் மிகுந்த தெருக்கள். கொள்கலன் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்ற எண்ணூர் விரைவுச்சாலையில் பேருந்து நேரத்துக்கு வந்திருந்தால்தான் வியப்பு.

பேருந்து எண்கள் சொல்லும் வரலாறு

ரயிலுக்கு நினைவுக்கட்டடம் இருக்கிறது. பேருந்துக்கு அது இல்லை. அதன் வரலாறு தட எண்களிலும் பணிமனைப் பெயர்களிலும் முதிய ஓட்டுநர், நடத்துநர் நினைவுகளிலுமே தங்கியிருக்கிறது.

1895-இல் மதராஸில் ஓடிய மின்சார டிராம், இந்தியாவிலேயே முதலாவது. துறைமுகப் பகுதியை நகரின் உட்புறத்தோடு இணைத்த அது 1953 ஏப்ரலில் நின்றுபோனது. அதற்குள் பேருந்து நிலைபெற்றுவிட்டது. தனியார் நடத்திவந்த நகரப் பேருந்துகளை 1947–48 ஆண்டுகளில் அரசு ஏற்று நடத்தத் தொடங்கியது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1994-இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வடசென்னைக்கென டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1997-இல் இரண்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பிரிவுகளாகப் பெயர் மாறின. 2001-இல் மீண்டும் ஒன்றாயின. வடசென்னைக்குத் தனிப் பேருந்துக் கழகம் இருந்த அந்தச் சில ஆண்டுகள், இப்பகுதியின் தேவை தனித்துக் கவனிக்கத்தக்கது என்று நிர்வாகமே ஒருமுறை ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

தட எண்களையும் கவனியுங்கள். நீண்டகாலம் ஓடிய தடம் எண் 1, திருவொற்றியூரையும் திருவான்மியூரையும் இணைத்தது. இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். நகரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த ஊர்கள். ஒற்றியூர் தியாகராசரிடமிருந்து வான்மியூர் மருந்தீசுவரர் வரை, சென்னையின் வடமுனையையும் தென்முனையையும் ஒரே பயணச்சீட்டில் கோத்தது அத்தடம். பூந்தமல்லியிலிருந்து திருவொற்றியூருக்கு ஓடிய 101, மேற்குப் புறநகரின் உழைப்பாளிகளைத் தொழிற்சாலை வாயிலுக்கு அழைத்துவந்தது. இவை வெறும் எண்களல்ல. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே உறவும் வேலையும் இருந்தன என்பதன் பதிவுகள். ஒரு தடம் ‘கட்’ சர்வீஸாகக் குறுக்கப்படும்போது, அந்த உறவின் நீளமும் குறைகிறது.

பேருந்து ஆர்வலர்கள் சிலர் வண்டியின் பக்கவாட்டில் உள்ள பணிமனைக் குறியெழுத்தையும் வண்டி எண்ணையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. எந்தத் தடம் எப்போது நின்றது, எந்தப் பணிமனைக்குப் புதிய வண்டி வந்தது, எதற்குப் பழைய வண்டி தள்ளிவிடப்பட்டது என்ற கேள்விகளுக்கு, அலுவலகக் கோப்புகளுக்கு வெளியே கிடைக்கும் விடை பல நேரங்களில் அந்தக் குறிப்பேடுகளில்தான் இருக்கிறது. ஆயுள் முடிந்த பேருந்துகள் ஏலத்தில் பழைய இரும்பாகிவிடுகின்றன. எண்ணூரில் பிறந்த பேருந்து ஒன்றை எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல, வகைக்கொன்றாகவாவது சிலவற்றை நிறுத்திவைத்திருக்கலாம்.

இன்றைய நிலை

கடந்த சில ஆண்டுகளில் வடசென்னைக்கு நல்லவை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. அதே ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு பெறும் வசதி அறிமுகமானது. பிராட்வே பேருந்து நிலையத்தைப் புதிதாகக் கட்டும் திட்டத்தையொட்டி, தற்காலிக நிலையத்துக்கு இடமாக ராயபுரமும் தேர்வானது.

ஆயினும் காசிமேட்டில் நின்று பார்த்தால் இவற்றின் போதாமை தெரியும். மெட்ரோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் வழியே உள்ளே தள்ளிச் செல்கிறது; மீன்பிடித் துறைமுகம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. இடைப்பட்ட தொலைவை ஈரக்கூடையோடு நடந்து கடக்க முடியாது. மெட்ரோவின் குளிரூட்டப்பட்ட பெட்டியில் மீன் கூடைக்கு இடமில்லை. பேருந்தில் இடமிருந்தாலும், கூடையைக் கண்டதும் முகம் சுளிக்கும் சக பயணியையும் ஏற்றத் தயங்கும் நடத்துநரையும் சமாளிக்க வேண்டும். கட்டணமில்லாப் பயணம் என்ற உரிமை, ஏற வேண்டிய நேரத்தில் வண்டி இல்லாவிட்டால் தாளில் மட்டுமே இருக்கும் உரிமை. இரவு ஏலத்துக்கு வரும் பெண், அரசு அளித்த சலுகையைப் பயன்படுத்த இயலாமல், தன் அன்றைய வருவாயில் ஒரு பகுதியை வாடகை வண்டிக்குக் கொடுக்கிறாள். மீன் வலையில் பட்டதோ இல்லையோ, வண்டி வாடகை மாறுவதில்லை.

மறுபுறம் ராயபுரம் நிலையம். 2005-இல் அது புதுப்பிக்கப்பட்டது வரவேற்கத்தக்க பணி. இல்லையென்றால் இன்று இடிபாடாகியிருக்கும். ஆனால் சுவருக்கு வண்ணம் பூசுவது பாதுகாப்பின் முதற்படி மட்டுமே. பயணிகள் வராத நிலையம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த பழுது வரும்வரை யாரும் அதை எட்டிப் பார்க்கப்போவதில்லை.

பிற நாடுகள் காட்டும் வழி

1830-இல் திறக்கப்பட்ட மான்செஸ்டரின் லிவர்பூல் ரோடு நிலையம், உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம். பயணிகள் சேவை 1844-இலேயே நின்றது. சரக்கு நிலையமாக 1975 வரை நீடித்தது. 1983 முதல் அது அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தின் ஓர் அங்கம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. மலாயாவில் உழைத்த தமிழர் பலரின் பயணங்களும் அங்கே தொடங்கி முடிந்தன. 2011-இல் அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டதும், கட்டடத்தை நினைவுச்சின்னமாக்கி, புதிய மெட்ரோ நிலையம் ஒன்றோடு இணைக்கத் திட்டமிட்டார்கள்.

இவ்விரு நகரங்களும் ஓடாத நிலையங்களைக் காத்தன. நம்மிடம் இருப்பதோ இன்னமும் ரயில் நின்று செல்லும் நிலையம். அருங்காட்சியகமா, போக்குவரத்து மையமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. பழைய கட்டடத்தின் ஒரு பகுதியில் பாதை வரைபடங்கள், பழைய பயணச்சீட்டுகள், டிராம், பேருந்து, தொழிற்சாலை, துறைமுகத் தொழிலாளர் நினைவுகள் ஆகியவற்றை வைக்கலாம். வெளியே, ராயபுரம் நிலையத்தையும் காசிமேட்டையும் அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தையும் கோக்கும் சிறுபேருந்துச் சுற்றுத்தடம் ஓடலாம். கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம் வழியே செல்லும் புறநகர் ரயில்களின் எண்ணிக்கையை உயர்த்தி, அந்தப் பேருந்தின் நேரத்தோடு பொருத்தலாம்.

காசிமேட்டுக்கு இன்னும் குறிப்பான தேவை ஒன்று உண்டு. ஏல நேரத்தைக் கணக்கில் கொண்டு, விடியலுக்கு முன் சில நடைகள். கூடை வைக்கப் பின்புறத்தில் தனி இடமும் எளிதில் கழுவக்கூடிய தளமும் உள்ள பேருந்துகள். தாழ்தளப் பேருந்து வந்துவிட்ட காலத்தில் இது பெரிய பொறியியல் சவால் அன்று. எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் எந்நேரத்தில் செல்கிறார்கள் என்று ஒரு மாதம் துறைமுக வாயிலில் நின்று எண்ணினாலே தடங்களை வகுத்துவிடலாம். சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி, பேருந்துக் கழகம், மீன்வளத் துறை ஆகிய ஐந்தும் ஒரே மேசையில் அமராமல் காசிமேட்டுக்கு ஒரு பேருந்துகூட நேரத்துக்கு வராது என்பதால், இப்பணி அக்குழுமத்துக்கே உரியது.

செலவுக் கணக்கை முன்வைத்து மறுப்பவர்கள் இருப்பார்கள். பின்னிரவுப் பேருந்தில் வருவாய் குறைவு. ராயபுரத்தில் முனையம் அமைக்கப் பெருந்தொகை வேண்டும். முனையம் வந்தால் குறுகிய சாலைகளில் நெரிசல் கூடும் என்பார்கள். கடைசி வாதம் நியாயமானது. அதனால்தான் நெடுந்தொலைவு முனையத்துக்காகக் காத்திராமல், உள்ளூர் இணைப்பை முதலில் சரிசெய்ய வேண்டும் என்கிறோம். அதற்கு நிலம் எடுக்கவோ புதிய பாலம் கட்டவோ தேவையில்லை. கால அட்டவணையைத் திருத்தினால் போதும். வருவாய்க் கணக்கைப் பொறுத்தவரை, 170 ஆண்டுகளாகத் தன் கடற்கரையையும் நிலத்தையும் காற்றையும் சரக்குப் போக்குவரத்துக்குக் கொடுத்துவிட்ட பகுதியிடம் பத்துப் பேருந்து நடைகளுக்கு லாபக் கணக்குக் கேட்பது அறமாகாது.

முதலீட்டாளர்களின் வருவாய்க்கு உறுதி அளித்த பின்பே 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. அப்படி ஓர் உறுதிமொழி அந்த ஊர் மக்களின் பயணத்துக்கு இதுவரை தரப்படவில்லை. நிலையத்தின் தூண்களைக் காப்பது நம் கடமை. அத்தூண்களின் நிழலில் வாழ்பவர்களை விடியலுக்குள் வீடு சேர்ப்பதும் அதே கடமையின் பகுதிதான்.